பாறைத் தரிசும் முனியறையும்: மூணாறு மலைகளில் தொலையுணர்வு படித்ததும் படிக்கத் தவறியதும்

மறையூரின் முனியறைகளைச் செயற்கைக்கோள் படத்தில் தேடுபவருக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றமே. மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மறையூர். அங்கே பாம்பாற்றங்கரைக் கோவில்கடவுக்கு அருகே விரிந்து கிடக்கும் பாறை முகட்டில் அவை நிற்கின்றன. பலகைக்கற்களைச் சுற்றிலும் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றிக் கட்டிய பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள் அவை. தமிழகத் தொல்லியலார் கல்திட்டை என்று குறிப்பதை, முனிவர் தங்கிய அறை என்று பொருள்பட முனியறை என்கிறது அந்த நாட்டு வழக்கு. பெரும்பாலானவை இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும். லாண்ட்சாட் படத்தின் ஒரு படப்புள்ளியோ 30 மீட்டர் பக்கமுள்ள சதுரம். 900 சதுர மீட்டர் நிலம். அதில் 6 சதுர மீட்டர் அளவுள்ள முனியறை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. சென்டினல்-2 படத்தில் படப்புள்ளி 10 மீட்டராகச் சுருங்கினாலும் நிலைமை பெரிதும் மாறுவதில்லை. வணிக நிறுவனங்கள் விற்கும் அரை மீட்டர்த் துல்லியப் படங்களிலோ வேறொரு தொல்லை எழுகிறது. மூடுகல் அந்த மலையின் பாறையிலிருந்தே பெயர்த்தெடுக்கப்பட்டு, அதே பாறையின்மேல் கிடக்கிறது. ஒளியைத் திருப்பியனுப்பும் இயல்பில் கல்லறைக்கும் பாறைக்கும் வேறுபாடு இல்லை. சாய்வெயிலில் விழும் நிழல் ஒன்றே அதைக் காட்டிக்கொடுக்கும்.

அப்படியானால் மூணாறு, அஞ்சுநாடு, பழனிமலை என்று தொடரும் இந்த மேட்டுநிலத்தின் தொல்லியலுக்குத் தொலையுணர்வு எவ்வகையில் பயன்படும்? கல்லைக் காட்டுவதைவிட அது தாவரத்தை நன்றாகக் காட்டும். இம்மலைகளில் தாவரமோ மனிதர் கைபட்ட ஆவணம். அந்த ஆவணத்தைப் படித்தவர்கள் அதற்கு இட்ட பெயர்கள்தாம் எது காக்கப்பட்டது, எது அழிந்தது என்பதைப் பெரிதும் தீர்மானித்தன.

இந்தியத் தொலையுணர்வின் தொடக்கமே ஒரு தாவரத்தில்தான் நிகழ்ந்தது. அதை நிகழ்த்தியவரும் இப்பகுதிக்கு அயலாரல்லர். பாலக்காட்டைச் சேர்ந்த கொல்லங்கோட்டில் 1909இல் பிறந்த பி. ஆர். பிஷாரடி, சி. வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். 1962இல் புனேயில் தொடங்கிய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர். பின்னர் விக்ரம் சாராபாயின் விண்வெளித் திட்டத்தில் இணைந்த அவர், 1970ஆம் ஆண்டை ஒட்டிக் கேரளத்தின் காயங்குளம் வட்டாரத்தில் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் தென்னந்தோப்புகளைப் படமெடுத்தார். தென்னையின் வேர்வாடல் நோயைக் கண்டறிவதே நோக்கம். நலமுள்ள இலை சிவப்பு ஒளியைப் பச்சையத்தால் உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பை ஏராளமாகத் திருப்பியனுப்புகிறது. நோயுற்ற இலையின் உள்திசு குலையும்போது அந்த எதிரொளிப்பு குறைகிறது. கீழே நிற்பவரின் கண்ணுக்குப் பசுமையாகவே தோன்றும் மரம் படத்தில் வேறு நிறம் காட்டும். இவ்விரு அலைகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துக் கிடைக்கும் எண்ணையே இன்று மாணவர்கள் தாவரக் குறியீடு என்று கணினியில் ஒரு நொடியில் கணக்கிடுகின்றனர். 1988 மார்ச் 17 அன்று பைக்கானூரிலிருந்து ஐ.ஆர்.எஸ்.-1ஏ ஏவப்படுவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே இத்துறைக்கு இங்கே கால்கோள் இடப்பட்டுவிட்டது.

தாவரத்தின் நிறமாற்றத்தைக் கொண்டு புதையுண்டதை அறியும் முறை, தொல்லியலில் இதற்கும் முந்தியது. முதல் உலகப் போரில் விமானப் பார்வையாளராக இருந்த ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு, இங்கிலாந்தின் கோதுமை, பார்லி வயல்களில் பழங்காலக் குடியிருப்புகளின் வரைபடம் தானே எழுந்து நிற்பதை வானிலிருந்து கண்டார். தூர்ந்துபோன அகழியின்மேல் ஈரம் தங்குவதால் பயிர் உயர்ந்து வளரும். புதைந்த சுவரின்மேல் குன்றிப்போகும். அலெக்சாந்தர் கெயிலருடன் அவர் எழுதிய வெசெக்ஸ் நிலப்பரப்பின் வான்படத் தொகுதி 1928இல் வெளிவந்தது. அதே 1928இல்தான் இந்தியத் தொல்லியல் துறை, ஆங்கிலேடு, நியூட்டன் என்னும் இரு ஏசு சபைத் துறவியர் எழுதிய பழனிமலைக் கல்திட்டைகள் பற்றிய நூலைத் தன் ஆய்வுரை வரிசையின் 36ஆம் எண்ணாக வெளியிட்டது. அவர்கள் கையாண்ட கருவி கால்நடை ஒன்றே. முகடு முகடாக ஏறிக் கல்லறைகளை அளந்து, எண்ணி, வரைந்து வைத்தார்கள். மலைகளில் பெருங்கற்காலத்தை ஆராய்பவர்களுக்கு இன்றும் தவிர்க்க முடியாத தரவு அது. இந்த இரு நூல்களும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயலே எனினும், அவற்றின் முறைகள் ஒன்றையொன்று சந்திக்காமல் போனதற்குக் காரணம் நிலத்தில் இருக்கிறது. பயிர்க்குறிக்குச் சமவெளியும் ஆழமான மண்ணும் ஒரேசீரான பயிரும் வேண்டும். மறையூரின் கல்திட்டைகள் நிற்பதோ மண்ணே இல்லாத வெறும் பாறையில்.

ஆகவே இம்மலைகளில் தொலையுணர்வு பயன்பட வேண்டுமானால் தனித்தனிச் சின்னத்தை விட்டுவிட்டு நிலக்காட்சி முழுவதையும் பார்க்கவேண்டும். அப்படிப் பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த பகுதி தென்னிந்தியாவில் அரிது. மூணாற்றைச் சுற்றிய மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. 2695 மீட்டர் உயர ஆனைமுடித் தொடரைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால், மழைமறைவிலுள்ள சின்னாறு வரும்போது அது 500 மில்லிமீட்டரை ஒட்டிச் சுருங்கிவிடுகிறது. சோலையும் புல்வெளியும், தேயிலை, சந்தனக்காடு, கரும்புக்கொல்லை, முட்புதர் எல்லாம் ஒரு மணிநேரப் பேருந்துப் பயணத்துக்குள் அடுக்கடுக்காக வருகின்றன. செயற்கைக்கோள் படத்தில் இது மேற்கிலிருந்து கிழக்காக அடர்சிவப்பு வெளுத்து, சாம்பல் நிறமாகும் ஒரு பட்டையாகத் தெரியும். அடர்ந்த தாவரத்தைச் சிவப்பாகக் காட்டுவது போலிநிறப் படத்தின் மரபு.

முனியறைகள் இந்தப் பட்டை வெளுக்கும் விளிம்பில் திரண்டிருக்கின்றன. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களின் நாடே அஞ்சுநாடு. அங்கே பாயும் பாம்பாறு கேரளத்தின் மற்ற பெரும்பாலான ஆறுகளைப்போல மேற்கே அரபிக்கடலுக்குப் போகாமல், கிழக்கே திரும்பி அமராவதியில் கலந்து காவிரியைச் சேர்கிறது. நீர் போகும் வழியே ஆளும் போயிருப்பார்கள் என்று எண்ண இடமிருக்கிறது. அஞ்சுநாட்டுக் கல்திட்டைகளைத் தனித்த கேரளச் சின்னங்களாகக் காண்பதைவிட, கொங்குநாட்டையும் பழனிமலையையும் தழுவிய ஒரு பெருங்கற்காலப் பரப்பின் மேற்கு விளிம்பாகக் காண்பதே பொருத்தம். பழனிமலையின் கீழ்ச்சரிவில் தாண்டிக்குடியில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் நிகழ்த்திய அகழாய்வு, மலையில் ஈமச்சின்னங்களோடு வாழ்விடமும் இருந்ததைக் காட்டியது; மலைகளைச் சமவெளி மக்கள் பிணம் புதைக்க மட்டும் ஏறி வந்த இடமாகக் கருதும் பழைய எண்ணத்துக்கு அது எதிர்ச்சான்று. மறையூரில் பாறை ஓவியங்களும் உண்டு. ஓவியங்கள் பாறை ஒதுக்குகளின் உட்புறத்தில் இருப்பதால் எந்தச் செயற்கைக்கோளுக்கும் அவை புலப்படா.

உயர வரைபடங்களே இங்கு நேரடியாகக் கைகொடுப்பவை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க விண்ணோடம் ராடாரால் அளந்த உயரத்தரவும், 2005இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 இரட்டைக் கோணப் படங்களால் தந்த தரவும் சரிவு, முகடு, நீரோட்டம் ஆகியவற்றைக் கணக்கிட உதவுகின்றன. தெரிந்த கல்திட்டைகள் எத்தகைய சரிவில், நீருக்கு எவ்வளவு அருகில், எந்தக் காட்சிக்கோணத்தில் நிற்கின்றன என்று கண்டு, அதே இயல்புள்ள பிற இடங்களைக் குறித்துக்கொண்டு களத்துக்குப் போகலாம். இம்முறைக்கு ஒரு குறை உண்டு. ஆய்வாளர் ஏற்கெனவே நடந்துபோன பாதைகளின் ஓரத்திலுள்ள சின்னங்களே தெரிந்தவை. அவற்றைக் கொண்டு கணினி அமைக்கும் மாதிரி மீண்டும் அதே பாதைகளின் ஓரத்தையே காட்டும். ஆங்கிலேடும் நியூட்டனும் போகாத இடத்துக்கு மென்பொருளும் போகாது.

தொலையுணர்வின் மெய்யான பங்களிப்பும் மெய்யான ஆபத்தும் தெரிவது புல்வெளியில்தான். 1800 மீட்டருக்கு மேல் சோலைகள் பள்ளங்களிலும் புல் மேடுகளிலும் கலந்து கிடப்பதைக் கண்ட ஐரோப்பியர் பலர், காட்டை மனிதன் எரித்ததால் உண்டான இழிந்த நிலமே புல்வெளி என்று கருதினர். வருவாய்த்துறைக்கும் அதுவே வசதியாக இருந்தது. உழவில்லாத நிலம், மரமில்லாத நிலம், ஆகவே தரிசு. 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றபோது கைமாறிய பரப்பில் பெரும்பகுதி இத்தகைய சோலையும் புல்லுமே. பின்னர் அதில் காப்பியும் சிங்கோனாவும் ஏலமும் முயன்று பார்க்கப்பட்டு, இறுதியில் தேயிலை நிலைத்தது. தேயிலை உலர்த்தும் அடுப்புகளுக்கு விறகு வேண்டியிருந்ததால் புல்மேடுகளில் யூகலிப்டஸ் ஏறியது. கிராண்டிஸ் என்று தாவரவியல் பெயரின் பின்பாதியாலேயே அம்மரத்தை இங்கு எல்லோரும் அழைக்கிறார்கள். தோலுக்குப் பதம்போடும் பட்டைக்காகச் சீகையும் வந்தது.

புல்வெளி மனிதனால் விளைந்த சீரழிவு என்னும் கருத்தை உடைத்தது செயற்கைக்கோள் அன்று, கரிச்சேறு. நீலகிரியின் சாண்டிநல்லா சேற்றுப்படிவுகளில் கரிம ஓரிடத்தான்களை ஆராய்ந்து சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளில் புல்லும் மரமும் தட்பவெப்பத்துக்கேற்ப மாறிமாறி மேலோங்கியதைக் காட்டியது. புல்லும் மரமும் ஒளிச்சேர்க்கையில் கரிமத்தை வெவ்வேறு விதமாகத் தேர்ந்துகொள்வதால், மட்கிய பிறகும் சேற்றில் அவற்றின் அடையாளம் எஞ்சுகிறது. கடைசிப் பனியூழியின் வறண்ட உச்சத்தில் நீலகிரி மேட்டில் மேலோங்கியிருந்தது புல். அதாவது இம்மலைகளின் உயர்மேடுகளில் புல், எந்த முனியறையையும்விட மூத்தது. கல்லை நிறுத்திய மக்கள் கண்ட நிலக்காட்சியில் அது ஏற்கெனவே இருந்தது. பிற்காலத்து நெருப்பும் மேய்ச்சலும் அதன் எல்லையை முன்னும் பின்னும் நகர்த்தியிருக்கலாம், அதை உண்டாக்கவில்லை.

இந்தப் புல்லுக்குக் கடந்த அரை நூற்றாண்டில் என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லத் தொலையுணர்வைவிட நேர்மையான சாட்சி கிடையாது. 1972இல் ஏவப்பட்ட முதல் லாண்ட்சாட்டின் படங்கள் 1973 முதலே இம்மலைகளுக்கு உள்ளன. அமெரிக்க அரசு 2008இல் அந்தத் தொகுப்பைக் கட்டணமின்றித் திறந்துவிட்டதும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மாணவர்களுக்கு அது ஒரு புதிய ஆவணக் காப்பகமாயிற்று. மூணாற்றுக்கு அண்டை மேடான பழனிமலையைப் பற்றி அரசுமணி, மிலிந்த் புன்யன், வி. வி. ராபின் உள்ளிட்ட குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் மலைப்புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டதென்றும், மரத்தோட்டங்களும் வேளாண்மையுமே காரணமென்றும் காட்டியது. சோலைகள் பற்றிய கவலையில் புல்லைப் பார்க்க மறந்துவிட்டோம் என்னும் பொருள்பட அக்கட்டுரைக்கு அவர்கள் தலைப்பிட்டிருந்தார்கள்.

அத்தகைய கணக்கை எடுப்பதிலுள்ள உழைப்பு வெளியில் தெரிவதில்லை. தேயிலை, சோலை, கிராண்டிஸ், சீகை நான்கும் தாவரக் குறியீட்டில் ஏறத்தாழ ஒன்றுபோல உயர்ந்த எண்ணையே தரும். ஜூன் முதல் செப்டம்பர்வரை மேகம் மறைக்கும். குளிர்காலத்திலோ செயற்கைக்கோள் கடக்கும் முற்பகலில் வெயில் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து விழுவதால், வடமேற்குச் சரிவுகளும் சோலை அடைந்த பள்ளங்களும் நிழலில் மூழ்கிவிடும்; நிழலைக் கணினி நீர்நிலை என்றுகூட வகைப்படுத்தும். இதற்குப் பருவமே மருந்து. சனவரிப் பனியில் புல் கருகிப் பழுப்பாகும், சோலை பசுமை மாறாது. சீகை மஞ்சளாகப் பூக்கும் வாரங்களில் அதைத் தனித்துக் காணலாம். ஒரே ஒரு நாளின் படத்தை வைத்துக்கொண்டு மூணாற்றின் நிலப்பயன்பாட்டு வரைபடம் போடும் முதுகலைத் திட்டக் கட்டுரைகள் ஏராளம். அவற்றின் வண்ணங்கள் அழகாக இருக்கும், அவ்வளவே.

பிழையான வண்ணம் அரசின் ஏட்டில் ஏறினால் அதன் விளைவு மலையில் தெரியும். 1987 முதல் வெளிவரும் இந்திய வனநில ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைகள், ஒரு எக்டேருக்குக் குறையாத பரப்பில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிகை இருந்தால், அது யாருடைய நிலமாயினும் எந்த மரமாயினும் வனப்பரப்பு என்று கொள்கின்றன. இந்த வரையறையின்படி புல்மேட்டில் சீகை படர்ந்தால் வனம் கூடியதாகக் கணக்கு வரும். பல்லாயிரம் ஆண்டுப் பழைமையுள்ள ஒரு நிலக்காட்சியின் அழிவு வளர்ச்சியாகப் பதிவாகிறது. மறுபுறம், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு நிறுவனம் 2000இல் முதன்முறையாக உருவாக்கித் தந்த இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பில், மன்றோ காலத்து வருவாய்த்துறையின் சொல் அறிவியலின் உடுப்பணிந்து திரும்பி வந்தது. புதர்மேடு அங்கே ஒரு தரிசு வகை. பாறை நிலம் இன்னொரு தரிசு வகை.

பாறைத் தரிசு என்னும் அந்த வகைக்குள்தான் இயல்பாகவே முனியறைகள் விழுகின்றன. வரைபடத்தில் பயனற்றது என்று குறிக்கப்பட்ட இடத்தில் கல் உடைப்பதற்கோ கட்டடம் எழுப்புவதற்கோ தடைசொல்லத் தோன்றாது. செதுக்கிய பலகைக்கல் வேலிக்கும் திண்ணைக்கும் உடனே உதவும் என்பதால் தென்னிந்தியா முழுவதும் கல்திட்டைகள் பெயர்த்தெடுக்கப்பட்டிருக்கின்றன. மறையூரிலும் பல சிதைந்து கிடக்கின்றன. தாவரக் குறியீடு சுழியத்தை நெருங்கும் அந்த வெளிறிய படப்புள்ளிகளைப் ‘பெருங்கற்கால ஆய்வுக்குரிய பாறைமுகடு’ என்று ஒரு தனி வகையாகக் குறிப்பதற்குத் தொழில்நுட்பத்தில் எந்தத் தடையும் இல்லை. வகைகளைத் தீர்மானிக்கும் மேசையில் தொல்லியலார் யாரும் அமர்ந்திருக்கவில்லை என்பதே தடை.

புல் தப்பிப் பிழைத்த இடத்தின் கதை இன்னும் விசித்திரமானது. இரவிகுளத்தின் உயர்மேட்டைக் கண்ணன் தேவன் நிறுவனத்தின் தோட்டத்துரைமார் வேட்டைக் காப்பிடமாக வைத்திருந்தார்கள். வரையாடு சுடுவதற்கு வரையாடு வேண்டும், வரையாட்டுக்குப் புல் வேண்டும். முதுவர் காவலர்களைக் கொண்டு பகுதி பகுதியாகப் புல்லை முன்கூட்டியே எரித்துப் பெருந்தீயைத் தடுத்தார்கள். கேரள அரசு 1971இல் சட்டம் இயற்றி நிலத்தை மீட்டபின் 1975இல் அது சரணாலயமாகவும், 1978இல் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. இன்று போலிநிறப் படத்தில் இரவிகுளத்தின் எல்லையைக் கோடு வரையாமலே காணலாம். தேயிலையின் அழுத்தமான சிவப்பு நின்றுபோய்ப் புல்லின் மங்கிய நிறம் தொடங்கும் இடம் அது. வேட்டையாடியின் ஆசையும் முதுவரின் நெருப்பறிவும் சேர்ந்து வரைந்த எல்லை என்று படம் சொல்லாது. அதற்கு ஏடுகளையும் முதுவர் குடிகளையும் நாடவேண்டும்.

வட்டவடையில் அதே படம் வேறொருவர் பக்கம் நின்று பேசக்கூடும். நீலக்குறிஞ்சி பூத்த 2006இல் வட்டவடை, கொட்டகொம்பூர் ஊர்களைச் சார்ந்த 32 சதுர கிலோமீட்டர் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கிராண்டிஸ் தோட்டமும் உண்டு, தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடியானவர்கள் உழுத படிக்கட்டு வயல்களும் உண்டு. எல்லை பற்றிய பூசல் நெடுங்காலம் நீண்டது. குறிப்பிட்ட ஆண்டில் குறிப்பிட்ட இடத்தில் பயிர் இருந்ததா, புல் இருந்ததா, மரம் இருந்ததா என்ற வினாவுக்குச் செயற்கைக்கோள் படம் விடைதரும். ஆனால் கேப்பை விதைத்துச் சில ஆண்டுகள் விட்டுவைக்கும் மலைச்சாகுபடியில், விட்டுவைத்த ஆண்டின் படத்தில் அந்த நிலம் புல்வெளியாகவே தோன்றும். ஒற்றை ஆண்டின் வகைப்பாட்டைச் சான்றாக ஏற்றால், ஓய்வில் கிடந்த வயல் யாரும் தொடாத காடாகிவிடும், உழுதவர் வந்தேறியாகிவிடுவார். படிக்கட்டுகளின் வரப்புகளோ நிலம் ஓய்விலிருக்கும்போதும் மறைவதில்லை. சம உயரக் கோடுகளைப்போல அவை நுண்துல்லியப் படங்களில் தெளிவாக விழுகின்றன. கிராண்டிஸ் மூடிய சரிவுகளிலும் வரப்புகள் கிடக்குமானால் அவற்றைக் காண லேசர் அலகீடு வேண்டும். 2012இல் கம்போடியாவின் அங்கோரில் காட்டுக்கடியிலிருந்து நகரத்தெருக்களை வெளிக்கொணர்ந்த அதே முறை இங்கே மலைவயல்களின் பரப்பைக் காட்டக்கூடும். வரப்பின் வயதை எந்தப் படமும் சொல்வதில்லை. அதற்கு மண்வெட்டி வேண்டும்.

லாண்ட்சாட்டுக்கு முந்திய காலத்துக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுத்துறைக்காகப் பறந்த கொரோனா செயற்கைக்கோள்களின் படச்சுருள்கள் 1995இல் இரகசிய நீக்கம் பெற்றன. கருப்புவெள்ளைப் படங்களே எனினும் அவற்றுள் சிறந்தவை இரண்டு மீட்டரை ஒட்டிய துல்லியம் உடையவை. மேற்காசியத் தொல்லியலார் அணைகளில் மூழ்குமுன் இருந்த பழங்காலப் பாதைகளையும் மண்மேடுகளையும் இவற்றிலிருந்தே மீட்டார்கள். மேகமற்ற நாளொன்றில் எடுத்த சுருள் கிடைக்குமானால், தோட்டமரங்கள் இன்றளவு பரவுமுன் ஒரு சரிவு எப்படி இருந்தது என்பதை இங்கும் அதே வழியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்க வேண்டும். 2006இல் அந்த மலர்ச்சியை மேலிருந்து காண இருந்தவை சில செயற்கைக்கோள்களே. 2018இல் ஐந்து நாளுக்கு ஒருமுறை கடக்கும் சென்டினல்-2 இணை வந்திருந்தும், பெருவெள்ளத்தைக் கொணர்ந்த ஆகஸ்ட் மழை மலைகளை மூடிக்கிடந்தது. 2030இல் ஆகஸ்ட் முதல் அக்டோபர்வரை மேகம் சற்றே விலகினாலும், எந்தெந்தப் புல்மேட்டில் குறிஞ்சி எஞ்சியிருக்கிறது, எந்தெந்த மேட்டில் சீகை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று 10 மீட்டர்ச் சதுரங்களாக எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கையைக் களத்தில் சரிபார்க்க நடப்பவர்கள், போகும் வழியில் கண்ணில் படும் ஒவ்வொரு பலகைக்கல்லின் ஆயத்தொலையையும் கூடவே குறித்துவைத்தால், ஆங்கிலேடும் நியூட்டனும் நூறாண்டுகளுக்கு முன் தொடங்கிய பட்டியல் மேற்கே ஆனைமுடிப் பக்கமாக நீளும்.